பூட்டிக் கிடக்கும் தேயிலை ஸ்டோரைப் பொது அலுவலகமாக மாற்றலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பல வருடங்களாக மூடிக் கிடக்கும் மூன்று தட்டுத் தேயிலைத் தொழிற்சாலையை, நம் பேச்சில் ஸ்டோரை, கம்பனி வாடகைக்குத் தரத் தயாராக இருக்கிறது. கொழும்பில் மென்பொருள், கணக்கியல், வடிவமைப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் சிலர் சேர்ந்து, நாற்பது பேர் சுவரில்லாமல் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும் இடமாக அதை மாற்ற நினைக்கிறார்கள். செய்யலாமா, எங்கே தொடங்குவது, பணம் எங்கே கரையும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் படங்களில் பார்க்கிற மாதிரி மேல்மாடி முழுவதும் மேசை போட்டு, இரும்புத் தூண்களுக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, மஞ்சள் பல்பு தொங்கவிட்டால் போதும் என்று இறங்கினால், முதல் ஜூன் மாதத்திலேயே பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யப் போய்விடுவார்கள். தோட்டத்து ஸ்டோர் என்பது இலையில் இருக்கும் ஈரத்தைக் காற்றால் உறிஞ்சி எடுக்கக் கட்டிய கட்டடம். நாள் முழுக்க அசையாமல் உட்காரும் ஆளுக்கு அந்தக் காற்றுதான் முதல் எதிரி. திறந்த வெளி அங்கே ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து உண்டாக்க வேண்டியது சூடும் அமைதியும்தான். திட்டத்தை இந்தப் பக்கத்திலிருந்து போடுங்கள்.

முதலில் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் வந்தது. அதற்குப் பின் ஐம்பது வருடத்தைத் தாண்டும் நீண்டகாலக் குத்தகைகள் எழுதப்பட்டன. அவை 2045 அளவில் முடியும். ஆகவே உங்களுக்கு வாடகைக்குத் தருகிறவரே ஒரு குத்தகைக்காரர்தான். அவர் உங்களுக்கு உபகுத்தகை தருவதற்குத் திறைசேரி கையில் இருக்கும் ‘தங்கப் பங்கு’ என்ற விசேட உரிமையின் சம்மதம் வேண்டியிருக்கும். தோட்ட மனேஜர் நல்லவர், பெரிய கிளாக்கர் தெரிந்தவர் என்பதெல்லாம் பத்திரம் ஆகாது. பத்து வருடத்துக்குக் குறைந்த காலத்துக்கு எழுதிக்கொண்டு கூரைக்குச் செலவு செய்யாதீர்கள். நீங்கள் போட்ட தடுப்பறை, வயரிங், சூரியத் தகடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகும் உரிமையைத் தனியாக எழுதி வாங்குங்கள். கூரைத் திருத்தத்துக்குப் பதிலாக முதல் சில வருட வாடகையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். மூடிய கட்டடத்தைக் காவல் காப்பதே கம்பனிக்குச் செலவு என்பதால், அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மண். பழைய ஸ்டோர்கள் பலவும் சரிவை வெட்டி எடுத்த மேடையில், ஓடைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் செய்ததையும் நம்மில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டை, சட்டத்துக்குத் தேவைப்படுகிறது என்பதற்காக மட்டும் வாங்காமல், அதில் எழுதியிருப்பதை வாசித்து முடிவெடுங்கள். நூறு வருடம் நின்ற கட்டடம் என்பது சரிதான். ஆனால் அந்த நூறு வருடமும் மேட்டுப்பக்கக் கானை வெட்டித் துப்புரவாக்க ஆள் இருந்தது. மூடியபின் யார் வெட்டினார்கள்? வாடகை பேசப் போகும் முன்னால், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் போய்ப் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தேங்கி நின்றாலோ, சுவரடியில் மண் கரைந்து வந்தாலோ, அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு ஸ்டோரைத் தேடுவதே மேல். பாவனையை மாற்றுவதற்குப் பிரதேச சபை அனுமதி தனியாக வேண்டும்; நகர அபிவிருத்தி அதிகார சபைக்குள் வரும் எல்லை என்றால் அவர்களிடமும் போக வேண்டும்.

இனி, கட்டடம் எதைத் தாங்கும் என்ற விஷயம். இதில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பார்வைக்கு இரும்புத் தூணும் உத்திரமுமாக யானை ஏறினாலும் அசையாது போலிருக்கும். கீழ்த்தட்டு விஷயத்தில் அது உண்மை. ரோலர், டிரையர், சல்லடை எல்லாம் நின்றது அங்கேதான், தடித்த கொங்கிரீட்டின் மேல். மேல் மாடிகள் வேறு கதை. அங்கே விரித்தது பச்சைக் கொழுந்து. வாட்டும் தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25, 30 கிலோ கொழுந்துதான் போடுவார்கள். தொட்டி வருவதற்கு முந்தின காலத்தில் சணல் துணித் தட்டுகளில் இன்னும் மெல்லியதாகப் பரப்பினார்கள். அலுவலகத் தளம் ஒன்றுக்குப் பொறியியலாளர் எடுக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 250 கிலோ. கோப்பு அலுமாரிகள் வரிசையாக நிற்கும் அறைக்கு அதைப்போல இரண்டு மடங்கு எடுப்பார்கள். மாடி உடைந்து விழும் என்று சொல்லவில்லை. தொட்டிகளின் சொந்த எடையையும், கொழுந்து சுமந்துகொண்டு ஓடிய ஆட்களையும் அது தாங்கியிருக்கிறது. நிறைய மாடிகள் கணக்குப் பார்த்தால் தேறிவிடும். ஆனால் கணக்குப் பார்க்காமல் மேலே நூலகம், பற்றரி அடுக்கு, தண்ணீர்த் தாங்கி, நாற்பது பேர் கூடும் மண்டபம் எதையும் வைக்கக் கூடாது. கனமானதெல்லாம் கீழே, மேசையும் ஆளும் மேலே என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அப்போதே முடிந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். கொழுந்து அரைத்த பகுதியையும் புளிக்க வைத்த பகுதியையும் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவியிருப்பார்கள். அதனால் அங்குள்ள தூண்களின் அடி, தரையோடு சேரும் இடத்தில், வர்ணத்துக்குள்ளேயே தின்றுபோயிருக்கும். சுத்தியலால் தட்டி, தகடாகப் பெயர்கிறதா என்று பாருங்கள். மாடிப் பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களின் நுனி கல்சுவருக்குள் போகும் இடத்தில் கறையானும் உக்கலும் இருக்கும். அங்கே ஒரு திருப்புளியைக் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, பழைய தூண் வார்ப்பிரும்பாக இருக்கலாம். வெல்டிங் பாஸ் வந்து ‘ஒரு பிளேட் வைத்து அடித்துவிடலாம்’ என்பார். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் போட்டால் பக்கத்தில் வெடிப்பு விடும். என்ன உலோகம் என்று தெரியும்வரை போல்ட் போட்டு இறுக்கும் கிளாம்ப் முறையில் நில்லுங்கள். இந்தச் சுற்றுக்கு, தேயிலை தயாரிப்பைப் பார்த்து ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரையோ ஸ்டோரில் வேலை செய்த பிட்டர் ஒருவரையோ ஒரு நாள் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போங்கள். எந்த மூலை ஒழுகும், எந்தப் பலகையை எப்போது மாற்றினார்கள், தரைக்குக் கீழே எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, அவர்களுக்குத் தெரியும்.

வேலை தொடங்கும் முன் சுத்தம். உத்திரங்களின் மேலும் மின்சாரக் குழாய்களின் மேலும் தேயிலைப் பஞ்சு படிந்திருக்கும். அது நன்றாக எரியும். பொறி பறக்கும் வேலை எதையும் அதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். துடைப்பத்தால் தட்டினால் காற்றில் பறந்து இன்னும் ஆபத்து, ஆகவே வக்கும் கிளீனர். டிரையர் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகத் துணியும் சுண்ணாம்புமாகக் கட்டியிருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள்; நனைத்து, மூடி, தெரிந்தவர்களை வைத்து எடுக்க வேண்டும். கூரையிலோ தடுப்பிலோ அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தாலும் இதே கதைதான். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும், ஆகவே காய்ந்தபடி உரசக் கூடாது. பழைய டிரான்ஸ்போமர் ஒன்று கிடந்தால் அதன் எண்ணெயைத் தொடாமல் கம்பனியையே அகற்றச் சொல்லுங்கள்.

இப்போது கூரைக்கு வருகிறேன். உங்கள் காசில் பெரும்பங்கை விழுங்கப்போவது இதுதான், விழுங்கவும் வேண்டும்.

வட்டவளைப் பக்கம் ஒரு வருடத்தில் 5000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்யும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே வேலையைப் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ செய்கிறவருக்குக் கணக்கு மாறும். அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பின்னால்தான், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வறண்ட காற்று அடிக்கும். எந்தப் பக்கத்துச் சுவரை முதலில் அடைப்பது என்பதை அந்தக் காற்றும் மழையும்தான் தீர்மானிக்க வேண்டும்.

தகரக் கூரையில் மூன்று தொல்லைகள். ஒழுக்கு, இரைச்சல், வியர்வை. ஒழுக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் தகரத்தின் நடுவில் ஒழுகாது. ஆணி ஓட்டையிலும், இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்து வாய்க்காலிலும்தான் ஒழுகும். பழைய தகரம் இன்று கடையில் கிடைப்பதைவிடத் தடிப்பாக இருக்கும், ஆகவே ‘எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடுவோம்’ என்னும் கொந்தராத்துக்காரரிடம் சற்று நிதானமாகப் பேசுங்கள். பள்ளத்து வாய்க்காலை மட்டும் பழையதைவிட அகலமாகப் புதிதாகச் செய்யுங்கள்.

இரைச்சல் வேறு ரகம். தகரத்தின் கீழே பெருமழை நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் பேசுவதே கேட்காது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கூட்டத்தில் இருக்கிறவர் என்ன செய்வார்? தகரத்தின் அடியில் மெல்லிய வெள்ளி நுரைச் சீட் ஒட்டினால் வெயில் சூடு குறையும், சத்தம் பெரிதாகக் குறையாது. சத்தத்தை நிறுத்த எடை வேண்டும். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டு, 50 மில்லிமீட்டருக்குக் குறையாத பாறைக் கம்பளி (ரொக்வூல்), அதற்கும் கீழே ஜிப்சம் பலகையோ தடித்த பிளைவூட்டோ. இதை மேல்மாடி முழுக்கப் போட்டால் செலவு கண்ணைக் கட்டும். அதனால்தான் பின்னால் சொல்லப்போகும் அறைக்குள் அறை யோசனை.

வியர்வை என்றது, உள்ளே இருக்கும் ஆட்களின் மூச்சும் கெட்டில் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுவதை. நன்றாக அடைத்த கூரையில்தான் இது அதிகம். பாறைக் கம்பளி நனைந்தால் எடையும் கூடும், பயனும் போய்விடும். நம் மலையில் உள்ளேதான் சூடு, வெளியே குளிர். ஆகவே ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் கம்பளியின் உட்புறம், அதாவது ஆட்கள் இருக்கும் பக்கம் வர வேண்டும். தகரத்துக்கும் கம்பளிக்கும் நடுவே காற்று ஓடி முகட்டு வழியாக வெளியேற வேண்டும். கொழும்பில் குளிரூட்டி போட்ட கட்டடங்களில் வேலை செய்து பழகிய பாஸ்மார் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, அறைக்குள் அறை. வாட்டும் மாடி நீளமானது, இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். அந்த வெளிச்சம்தான் இந்தக் கட்டடத்தின் சொத்து, அதை எந்தச் சுவராலும் மறைக்காதீர்கள். நடுவில், கூரையைத் தொடாமல், தனித்தனிப் பெட்டிகள் போல ஏழெட்டு சின்ன அறைகள் கட்டுங்கள். இரண்டு பேர் பேசும் அறை, ஆறு பேர் கூட்ட அறை, ஒருவர் தொலைபேசி எடுக்கும் கூண்டு. அவற்றுக்கு மட்டும் தடித்த சுவர், தடித்த கூரை, ரப்பர் விளிம்பு வைத்த கதவு. சூடாக்குவதும் அவற்றை மட்டும்தான். நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பமே 16 பாகை அளவு. ஹட்டன் அதைவிடச் சற்றுத் தேவலை. முழு மாடியையும் சூடாக்கினால் சூடு முகட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், கரண்ட் பில் மட்டும் கீழே வரும். சின்ன அறைக்கு, சூடாக்கவும் செய்யும் இன்வேட்டர் ஏசி போதும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு அளவு சூடு தரும். ஸ்டோரில் அடுப்பு இருந்ததே, விறகு போடலாமே என்று யாராவது ஆசைப்படுவார்கள். அடைத்த இடத்தில் காபன் மொனொக்சைட்டோடு விளையாட வேண்டாம்.

திறந்த பகுதியில் இருப்பவர்களுக்கு இரண்டு காரியம் செய்தால் போதும். பலகை இடுக்குகளை அடைத்து, மேலே கம்பளமோ கோர்க் தரையோ போடுங்கள். கீழிருந்து வரும் குளிர்காற்று காலைத்தான் முதலில் பிடிக்கும். பிறகு, கொழுந்து இறக்கிய ஓட்டைகள். வாடிய கொழுந்தை மேல்மாடியிலிருந்து ரோலருக்குத் தள்ளுவதற்கு மாடியில் வைத்த அந்த வாய்கள் வழியாகக் குளிரும் சத்தமும், தீப்பிடித்தால் புகையும், ஏறிவரும். ஒன்றிரண்டை வயரும் குழாயும் போக வைத்துக்கொண்டு, அவற்றையும் தீத்தடுப்புப் பொருளால் அடைத்துவிடுங்கள். மற்றவற்றை மூடுங்கள். கண்ணாடி போட்டு மூடினால் அழகாக இருக்கும் என்று வடிவமைப்பாளர் சொல்வார். அதன் மேல் நடக்க யாருக்கும் மனம் வராது என்பதால் இடம்தான் வீண்.

எதிரொலிக்குச் சணல் துணி இருக்கிறது. சட்டம் அடித்து, உள்ளே பாறைக் கம்பளி, மேலே தீத்தடுப்பு மருந்து பூசிய சணல். தூண்களுக்கிடையே தொங்கவிட்டால் சத்தத்தை விழுங்கும். விலையும் குறைவு, அந்த மாடிக்குப் பழக்கமான பொருளும்கூட.

முழுத் திறந்தவெளி அலுவலகத்தில் ஆட்கள் தானாகப் பேசி ஒத்துழைப்பார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஹார்வர்டைச் சேர்ந்த பேர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இருவர் இரண்டு நிறுவனங்களில் ஆட்களுக்கு உணர்கருவி மாட்டி அளந்து 2018இல் வெளியிட்டார்கள். சுவர்களை எடுத்த பிறகு நேருக்கு நேர் பேச்சு 70 சதவீத அளவுக்குக் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒளிந்துகொள்கிறார்கள். ஆட்கள் பேச வேண்டுமென்றால் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். கீழ்த்தட்டில் ரோலர் நின்ற பகுதியைச் சமையலறையும் நீள மேசையுமாக ஆக்குங்கள். எல்லோரும் அதைக் கடந்துதான் மேலே போக வேண்டும் என்று வழியை அமையுங்கள். நல்ல தேத்தண்ணி அங்கேதான் கிடைக்கும் என்றால் பேச்சு தானாக நடக்கும். கீழ்த்தட்டிலேயே சில மேசைகளும் ஒரு மலசலகூடமும் சக்கர நாற்காலி போகும் சாய்வுப் பாதையும் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகு வசதி பற்றி 2006இலிருந்தே ஒழுங்குவிதி இருக்கிறது.

தீ விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். மரத்தரை, ஒரே ஒரு செங்குத்தான படிக்கட்டு என்பதுதான் அநேக ஸ்டோர்களின் நிலை. மாடியின் மறுமுனையில் வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு கட்டாயம். அதைக் கட்டக் காசில்லை என்றால் மேல்மாடியைத் திறக்காதீர்கள்.

மின்சாரத்தில் உங்களுக்கு ஓர் அனுகூலம், ஸ்டோருக்கு மூன்று பேஸ் இணைப்பு வந்திருக்கும். துண்டித்திருந்தாலும் புதிதாக மலையேற்றுவதைவிட மறுபடி எடுப்பது சுலபம். கைத்தொழில் கட்டண வகுப்பு உங்களுக்குப் பொருந்தாது, பொதுத் தேவை வகுப்புக்கு மாற்றுவார்கள், அந்த வித்தியாசத்தை வரவுசெலவில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வயரிங்கில் ஒரு முழம்கூட மிஞ்சக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் அதிகம், கட்டடமோ முழுக்க இரும்பு; புவித்தொடுப்பும் மின்னல் காப்பும் தரமாக இருக்கட்டும். 2022இல் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள் என்பதை நினைத்துப் பற்றரி வாங்குங்கள். இணையத்துக்கு ஃபைபர் ஒன்று, அதற்கு மாற்றாக வேறு வழியில் வரும் இன்னொன்று. 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் இலங்கையில் கிடைக்கிறது, ஃபைபர் வராத தோட்டத்துக்கு அது உதவும்.

முன்மாதிரி பார்க்க வேண்டுமென்றால் கந்தப்பளைக்குப் போங்கள். ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996இலிருந்து ஹோட்டலாக நடக்கிறது. வாட்டும் மாடிகளை அறைகளாகப் பிரித்து, பெரிய மின்விசிறிகளையும் இயந்திரத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் 2001இலிருந்து தேயிலை அரும்பொருட்சாலை. அலுவலகமாகவே பார்க்க வேண்டுமென்றால் மருதானை. திரிப்பொலி மார்க்கெட் என்ற பழைய களஞ்சியங்கள் இன்று தொழில்நுட்பக் கம்பனிகள் இருக்கும் டிரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி. ஆனால் அது கொழும்புச் சூட்டுக்குச் செய்த வேலை. இடம் பிரித்த விதத்தைப் பாருங்கள், கூரையைப் பார்த்து எழுதிக்கொண்டு வராதீர்கள். இன்னொரு விஷயம்: தொல்பொருள் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்தினவற்றைத்தான். தேயிலை ஸ்டோர் எதுவும் அதில் வராது. எதைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டாலும் அநேகமாக யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு ரோலரையும் ஒரு விசிறியையும் ஆவது இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். ஸ்டோருக்கு வரும் ஊற்றுத் தண்ணீர்தான் பெரும்பாலும் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் போகிறது. நாற்பது பேருக்கு மலசலகூடம் கட்டி, அந்தக் குழாயில் கைவைத்தால் பெப்ரவரி வறட்சியில் பிரச்சினை வரும், நியாயமாகவே வரும். அவ்வளவு பெரிய கூரை இருக்கிறது. கழுவும் தேவைக்கெல்லாம் மழைத்தண்ணீரைத் தொட்டி கட்டிச் சேமியுங்கள். மலக்குழி ஊற்றுக்கும் லயத்துக்கும் மேட்டில் வரக் கூடாது. தோட்டத் தலைவர்மாரோடும் லயத்து ஆட்களோடும் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். அந்த வீடுகளில் ஏ.எல். முடித்த பிள்ளைகள் இருப்பார்கள். மாலையில் சில மேசைகளையும் இணையத்தையும் அவர்களுக்கு விடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மூன்று தட்டையும் ஒன்றாகத் தொடாதீர்கள். கூரை, கான், மேட்டுச் சுவர், வயரிங் முதலில். பிறகு கீழ்த்தட்டில் பதினைந்து பேருக்கு இடம் செய்து, ஒரு தென்மேல் பருவம் முழுக்க அதில் இருந்து பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, யார் எங்கே உட்காரப் பிடிவாதம் பிடிக்கிறார்கள், எத்தனை மணிக்கு எல்லோரும் ஜம்பர் போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மேல்மாடிக்கு வரைபடம் போடுவது அதற்குப் பிறகு. தூண் அடிகளின் படங்களையும் குத்தகைப் பத்திரத்தில் காலம் எழுதிய பக்கத்தையும் அனுப்பினால், அடுத்த கட்டத்தைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.